கடல் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்: பிளாட்டினத்துக்குப் பதில் எது, எத்தனை நாள் நிற்கும்?

கேட்டவர் ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினம் பக்கத்திலிருந்து எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் ஒரு தம்பி. அவர் எழுதியதன் சுருக்கம் இது: "எங்கள் ஊரில் கடலுக்கும் வெயிலுக்கும் பஞ்சமில்லை. ஒரு பக்கெட் கடல் தண்ணீரில் இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளை நிறுத்தி, 12 வோல்ட் சோலார் பேனலோடு இணைத்தேன். குமிழ் வந்தது. கூடவே பிளீச்சிங் பவுடர் நெடியும் வந்தது. ஒரு தகட்டில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்தது. இன்னொரு தகடு அரித்துப்போய்த் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. பிளாட்டினம் வாங்க எனக்கு வழியில்லை. மலிவான வினையூக்கி எதைப் பூசினால் இது சரியாகும்?"

தம்பி ஒரு கேள்வி கேட்டதாக நினைத்திருக்கிறார். உள்ளே மூன்று சிக்கிக் கிடக்கின்றன. பிளாட்டினத்துக்கு மலிவான மாற்று உண்டா? கடல் தண்ணீரை அப்படியே பிரிக்கலாமா? பூசியது எத்தனை நாள் தாங்கும்? முதல் கேள்விக்குப் பதில் நூறு வருஷமாகக் கையில் இருக்கிறது. இரண்டாவதற்கு என் பதில், முடிந்தாலும் வேண்டாம் என்பது. மூன்றாவதுதான் உண்மையான ஆராய்ச்சி. என்னைப் பற்றி ஒரு வரி: இருபது வருஷத்துக்கு மேல் மின்வேதியியல் ஆய்வகத்தில் மின்முனைகளோடும் துருவோடும் காலம் தள்ளியவன். ஹைட்ரஜன் ஆலை நடத்தியவன் கிடையாது. ஆலைக் கணக்கு வரும் இடங்களில் நான் சொல்வது காகிதத்தில் போட்ட கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அந்தப் பக்கெட் சோதனையை இனி செய்யாதீர்கள், மூடி போட்டு நிச்சயமாகச் செய்யாதீர்கள். அந்த நெடி குளோரின் சம்பந்தப்பட்டது. ஹைட்ரஜன் காற்றோடு 4 சதவீதம் கலந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். குளோரினோடு கலந்தால் தீப்பொறிகூட வேண்டாம், நம் ஊர் வெயில் வெளிச்சமே வெடிக்க வைக்கப் போதும். திறந்த பக்கெட்டில் செய்ததால் தப்பித்தீர்கள்.

இனி பக்கெட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் வெளியேறும்போது அந்தத் தகட்டை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் கடுமையான காரமாகிவிடும். கடல் நீரில் இருக்கும் மக்னீசியம் அந்தக் காரத்தில் கரைந்திருக்க முடியாமல் ஹைட்ராக்சைடாகத் தகட்டிலேயே படியும், கால்சியமும் கூடச் சேரும். நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான். எந்த வினையூக்கியைப் பூசினாலும் சில மணி நேரத்தில் அதன் மேல் இந்த வெள்ளை போர்த்திக்கொள்ளும். எதிரே நேர்மின்முனையில் நியாயமாக ஆக்சிஜன் வர வேண்டும். ஆனால் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்களைப் படிப்படியாகக் கைமாற்ற வேண்டும்; குளோரினுக்கு இரண்டு போதும். வேலை சுலபமான பக்கம் மின்சாரம் போய்விடுகிறது. லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு இருக்கும் தண்ணீரில் அதற்கு ஆள் பஞ்சமும் இல்லை. அதே குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் பாதுகாப்புப் படலத்தையும் துளைத்துவிடும். பழுப்பு வந்தது அப்படி. இன்னொன்று: ஒரு செல்லுக்கு, அதாவது கரைசலில் நிற்கும் ஒரு ஜோடித் தகட்டுக்கு, 2 வோல்ட் அளவே தாராளம். 12 வோல்ட் பேனலை ஒரே ஜோடித் தகட்டில் மாட்டினால் பேனலின் திறனில் பெரும்பகுதி வீண்தான். ஆறு செல்களைத் தொடராக இணைப்பதுதான் வழக்கம்.

இப்போது பிளாட்டினம். அமிலச் சவ்வு வகைச் செல்லில்தான் விலையுயர்ந்த உலோகம் தவிர்க்க முடியாதது: ஹைட்ரஜன் பக்கம் பிளாட்டினம், ஆக்சிஜன் பக்கம் இரிடியம். உண்மையான நெருக்கடி இரிடியத்தில். உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 7, 8 டன்தான் கிடைக்கிறது, அதுவும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில் பிளாட்டினம் தோண்டும்போது துணையாக வருவது. அமிலத்தை விட்டுக் காரத்துக்கு வந்துவிட்டால் இந்தத் தலைவலியே கிடையாது. 25 முதல் 30 சதவீத காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல், 80 டிகிரிக்கு அக்கம்பக்கம் சூடு, இரண்டு பக்கமும் நிக்கல். இதுதான் பழைய காரவகை மின்பகுப்பு. பக்ரா அணையின் மின்சாரத்தை வைத்துப் பஞ்சாபின் நங்கலில் உர ஆலைக்குத் தண்ணீரைப் பிரித்தே ஹைட்ரஜன் எடுத்தார்கள். 1962-ல் அங்கே தொடங்கிய நாட்டின் முதல் கனநீர் ஆலையும் அந்த ஹைட்ரஜனை ஒட்டி வந்ததுதான். ஆகவே 'விலையுயர்ந்த உலோகம் இல்லாத வினையூக்கியைக் கண்டுபிடித்தோம்' என்று தலைப்புச் செய்தி வரும்போது கொஞ்சம் நிதானியுங்கள். நிக்கல் எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. நிக்கலை விட எவ்வளவு மேல் என்பதுதான் கேட்க வேண்டியது.

அந்த 'எவ்வளவு மேல்' என்பதை ரூபாயில் பார்க்கலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 26,600 ஆம்பியர்-மணி மின்னூட்டம் வேண்டும். இது ஃபாரடே விதி, பேரத்துக்கு இடமில்லை. செல் 1.8 வோல்ட்டில் ஓடினால் ஏறத்தாழ 48 யூனிட். கருவிகளுக்கும் சேர்த்து 50 முதல் 55 யூனிட் என்று வைத்துக்கொள்வார்கள். நல்ல வினையூக்கியால் 0.1 வோல்ட் மிச்சமானால் கிலோவுக்கு 2.7 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் பதிமூன்று ரூபாய் சொச்சம். மொத்த மின்செலவு 250 ரூபாய்க்கு மேல் போகும் இடத்தில் இது. அற்பமும் இல்லை, அதிசயமும் இல்லை. பெரிய ஆலைக்கு அந்தப் பதிமூன்று ரூபாய் முக்கியம், ஆனால் வினையூக்கி பத்து வருஷம் உயிரோடு இருந்தால்தான் அந்தக் காசு கைக்கு வரும்.

ஹைட்ரஜன் பக்கத்து வினையூக்கியின் சூட்சுமம் பிடியில் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவை மேற்பரப்பு லேசாகப் பிடித்தால் அணு நிற்காது. இறுக்கிப் பிடித்தால் விடாது, அடுத்ததற்கு இடமும் கிடைக்காது. பிளாட்டினம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிக்கல் கொஞ்சம் இறுக்கமான கை. அதை இளக்கத்தான் மாலிப்டினம் சேர்க்கிறோம், பாஸ்பரஸ் சேர்க்கிறோம், கந்தகம் சேர்க்கிறோம். மாலிப்டினம் சல்ஃபைடு பெட்ரோல் சுத்திகரிப்பில் காலங்காலமாகப் புழங்கும் சாதாரணச் சரக்கு. அதன் படிகத்தின் விளிம்புகள் மட்டும் பிளாட்டினம் போலப் பிடிக்கும் என்று 2005-ல் கணினிக் கணக்கு சொன்னது, 2007-ல் சோதனை அதை உறுதிப்படுத்தியது. தட்டையான நடுப்பகுதி எதற்கும் உதவாது. 2013-ல் நிக்கல் பாஸ்பைடு வந்தது. அதற்குப் பிறகு ஆவணிக் கல்யாணம் மாதிரி வாரத்துக்குப் பத்துக் கட்டுரை.

அந்த நெரிசலில் நானும் ஒரு பாஸ்பைடைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தக் கதையைச் சொன்னால் உங்களுக்கு உதவும். நிக்கல் ஃபோம், அதாவது ஸ்பஞ்சு மாதிரித் துளை நிறைந்த நிக்கல், அதன் மேல் வளர்த்த கரும்பூச்சு. அமிலக் கரைசலில் ஓடவிட்டோம். முதல் நாளை விட மூன்றாம் நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாளை விடப் பத்தாம் நாள் இன்னும் நன்றாக. வினையூக்கி என்றால் போகப் போகத் தேய வேண்டும். எங்களுடையது பழகப் பழகப் பிளாட்டினத்தையே எட்டிப் பிடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரையே பாதி எழுதியாகிவிட்டது. அப்போது பக்கத்து மேசையில் வேலை செய்த மூத்த அக்கா ஒருவர், "எதிரில் என்ன கம்பி மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். பிளாட்டினக் கம்பி. நேர்மின்முனையாக நாள் கணக்கில் ஓடிய கம்பி துளித்துளியாகக் கரைந்து, கரைசல் வழியாக வந்து, எங்கள் பாஸ்பைடு மேல் உட்கார்ந்திருந்தது. பிளாட்டினத்துக்கு மாற்று கண்டுபிடிக்கப் போய் மூன்று மாதம் பிளாட்டினத்தையே அளந்துகொண்டிருந்தோம். கம்பியைக் கிராஃபைட்டாக மாற்றியதும் அதிசயம் காணாமல் போனது. நீங்கள் படிக்கும் கட்டுரையில் எதிரே மாட்டிய மின்முனை பிளாட்டினம் என்று இருந்து, நாள்பட நாள்படச் செயல்திறன் கூடுகிறது என்றும் இருந்தால், அந்தப் பக்கத்தைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

ஆக்சிஜன் பக்கம்தான் கடினம், வோல்ட் அதிகம் வீணாவதும் அங்கேதான். அங்கே இன்றைய ராஜா நிக்கலும் இரும்பும் கலந்த ஹைட்ராக்சைடு. இதற்கும் ஒரு கதை உண்டு. சுத்தமான நிக்கல் ஹைட்ராக்சைடு நல்ல வினையூக்கி என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். காஸ்டிக் பொட்டாஷில் அழுக்காக வந்த துளி இரும்புதான் அந்த வேலையைச் செய்தது என்று 1987-லேயே ஒரு ஆய்வு காட்டியது. 2014-ல் கரைசலிலிருந்து இரும்பை முழுக்க நீக்கிப் பார்த்தபோது நிக்கலின் சாயம் வெளுத்தது. ஆகவே இங்கே கெடுதல் செய்யும் அழுக்கும் உண்டு, உபகாரம் செய்யும் அழுக்கும் உண்டு; எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமில்லை. இரும்பு எந்த இடத்தில் உட்கார்ந்து எப்படி அந்த வேலையைச் செய்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து கிடையாது. இந்தப் பக்கம் பாஸ்பைடையோ சல்ஃபைடையோ வைத்தால் ஓடத் தொடங்கியதும் அதன் மேல்தோல் ஆக்சைடாக மாறிவிடும் என்பது உறுதி. வாசலில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் உள்ளே வேலை பார்ப்பது ஆக்சி-ஹைட்ராக்சைடுதான்.

கடல் நீருக்கு வருகிறேன். காரக் கரைசலில் ஆக்சிஜனுக்கும், குளோரின் அங்கே எடுக்கும் வடிவமான ஹைப்போகுளோரைட்டுக்கும் நடுவில் 0.48 வோல்ட் இடைவெளி இருக்கிறது. ஆக்சிஜன் வினையூக்கி அந்த இடைவெளிக்குள் வேலையை முடித்துவிட்டால் குளோரின் வழிக்கே போகாது. நிக்கல்-இரும்பு அதைச் செய்யும். 2019-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, நிக்கல் ஃபோம் மேல் நிக்கல் சல்ஃபைடு, அதன் மேல் நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு என்று அடுக்கி, காரம் சேர்த்த கடல் நீரில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக் காட்டியது. 'காரம் சேர்த்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். காரம் சேர்த்ததும் மக்னீசியம் வெள்ளையாக இறங்கும், அதை வடிகட்டிய பிறகே செல்லுக்குள் விட முடியும். 2022-ல் சீனாவின் ஷென்சென் விரிகுடாத் தண்ணீரை வைத்து ஒரு குழு 3,200 மணி நேரம் ஓட்டியது. அதில் கடல் நீர் மின்முனையைத் தொடவேயில்லை. நீர் ஒட்டாத ஒரு சவ்வு வழியாக ஆவி மட்டும் உள்ளே போய்க் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் சேர்ந்தது. கெட்டிக்காரத்தனமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அதன் பொருள், உப்பை வாசலிலேயே நிறுத்தியதால்தான் செல் தாக்குப்பிடித்தது என்பது.

அப்படியானால் ஆர்.ஓ. வைத்து உப்பை நிறுத்தினால் என்ன? கணக்குப் போடுங்கள். கடல் நீரை ஆர்.ஓ.வில் நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீர் போதும். கழிவுக்கும் சேர்த்து 15 லிட்டர் என்று வையுங்கள். 0.06 யூனிட். ஐம்பது யூனிட் செலவாகும் வேலையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். இரண்டாம் தடவை வடிகட்டி அயனிகளை முழுக்க நீக்கினாலும் பெரிதாகக் கூடாது. இந்த அற்பத்தை மிச்சம் பிடிக்கத்தான் குளோரைடையும் மக்னீசியத்தையும் பாசியையும் செல்லுக்குள் வரவேற்கிறோம். ஒவ்வொரு கிலோ ஹைட்ரஜனுக்கும் பிரிந்துபோகும் 9 லிட்டர் கடல் நீர் 300 கிராமுக்கு மேல் உப்பை உள்ளேயே விட்டுப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பு விளைய வாலிநோக்கத்தில் பாத்தி இருக்கிறது, செல் எதற்கு? கடல் நீரை நேரடியாகப் பிரிப்பதில் இருக்கும் அறிவியல் எனக்கும் பிடிக்கும். அதைத் தொழிலாக நம்பச் சொன்னால் தயங்குவேன். இது என் அபிப்பிராயம், இதே துறையில் இதற்கு மாறாக நினைப்பவர்களும் உண்டு.

ஊருணித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்த மாவட்டத்தில் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்குவதா என்று வீட்டில் கேட்டால், இந்த 9 லிட்டர் கணக்கைச் சொல்லுங்கள். நிஜக் கவலை வேறு இடத்தில். ஆர்.ஓ. வெளியே தள்ளும் கெட்டிக் கழிவுநீர் எங்கே போகும்? ஒரு பக்கம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா, மறுபக்கம் பாக் விரிகுடாவில் கடற்பசுப் பாதுகாப்பகம். சின்ன ஆய்வுக்கு இது பிரச்சினையில்லை. ஆலை என்று வந்தால் முதல் கேள்வியே இதுவாக இருக்க வேண்டும்.

நம் கரைக்கே உரிய இன்னொரு சங்கதி. வினையூக்கியை மட்டும் காப்பாற்றினால் போதாது. மண்டபத்தில் கரையோரம் இரும்புத் தகடுகளைச் சட்டத்தில் மாட்டி மாதக்கணக்கில் வைத்து எடை பார்க்கும் வேலை கொஞ்ச காலம் எனக்கு இருந்தது. தகட்டைப் பிடித்த திருகுகள் தகட்டுக்கு முன்னால் போய்விடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் துடைத்த மறுநாள் விரலை வைத்துத் தேய்த்தால் உப்பு நரநரக்கும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலம் காலமெல்லாம் பெயின்ட்டோடு போராடியதும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் சிறப்புப் பூச்சும் தேடிப் போனதும் இந்தக் காற்றினால்தான். உங்கள் செல்லின் செப்பு இணைப்பும் முதலைவாய் கிளிப்பும் இதே காற்றைத்தான் சுவாசிக்கின்றன. இணைப்பில் பச்சைப் பூத்தால் மின்தடை கூடும், நீங்கள் வினையூக்கி செத்துவிட்டது என்று எழுதுவீர்கள்.

வெயிலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கமுதியில் 2016-லிருந்து 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஓடுகிறது, வெயிலைப் பற்றிச் சந்தேகமில்லை. ஆனால் சாயங்காலம் மின்சாரம் நின்றதும் அடுக்கடுக்கான செல்களில் மின்னோட்டம் கொஞ்ச நேரம் பின்னோக்கிப் போகும். அதில் ஹைட்ரஜன் பக்கத்து நிக்கல் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடும். இரவு பகலாக ஓடும் அணை மின்சாரத்துக்குப் பழகிய செல் தினம் ஒரு தடவை நின்று எழுந்தால் எத்தனை வருஷம் தாங்கும் என்பது நிஜமான கேள்வி. மேகம் மறைத்து மின்னோட்டம் ரொம்பக் குறையும்போது இரண்டு வாயுக்களும் தடுப்பைத் தாண்டிக் கலப்பதும் உண்டு. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் மத்திய அரசு அறிவித்த பசுமை ஹைட்ரஜன் திட்டம், 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் என்கிறது. அதில் பெரும்பகுதி வெயிலையும் காற்றையும் நம்பித்தான். உங்கள் எம்.எஸ்சி. ஆய்வுக்குத் தலைப்பு தேடினால் புதிய பூச்சைத் தேடாமல், இருக்கும் நல்ல பூச்சை நம் வெயில் ஏறி இறங்குவது போலவே ஏற்றி இறக்கிப் பாருங்கள். நிறையப் பேர் தொடாத இடம் அது. கட்டுரைகளில் பெரும்பாலும் சதுர செ.மீ.க்கு 10 மில்லி ஆம்பியரில் ஒரு நாள், இரண்டு நாள் ஓட்டிவிட்டு 'மிகச் சிறந்த நிலைத்தன்மை' என்று எழுதிவிடுகிறார்கள். ஆலையில் காரவகைச் செல் 200 முதல் 400 மில்லி ஆம்பியரில் வருஷக்கணக்கில் ஓட வேண்டும்.

செய்முறை சுருக்கமாக. நிக்கல் ஃபோமை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவுங்கள். நிக்கல் நைட்ரேட்டோடு மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இரும்பு உப்பு சேர்த்த கரைசலில் அதை எதிர்மின்முனையாக்கிச் சில நிமிடம் படியவிடுங்கள். இரும்பு உப்பு என்றால் நாட்டு மருந்துக் கடை அன்னபேதியும் அதே ஃபெரஸ் சல்ஃபேட்தான், ஆனால் இதற்கு ஆய்வகத் தரம் வாங்குங்கள். அயனி நீக்கிய தண்ணீரில் 1 மோலார் காஸ்டிக் பொட்டாஷ். கண்ணாடி பீக்கர் வேண்டாம், காரம் கண்ணாடியைக் கரைத்து அழுக்கை உள்ளே விடும், பிளாஸ்டிக் போதும். கண்ணாடி உங்கள் கண்ணுக்குப் போடுங்கள். பூசியதை இப்போது நேர்மின்முனையாக மாட்டுங்கள், எதிரே இன்னொரு நிக்கல் துண்டு. தலைகீழ் பியூரெட்டில் வாயுவைப் பிடித்து அளந்து பாருங்கள்: ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் போனால் 30 டிகிரியில் ஏறத்தாழ 460 மில்லி ஹைட்ரஜன் வர வேண்டும். வெகுவாகக் குறைந்தால் வாயு கசிகிறது அல்லது மின்சாரம் வேறு வேலை செய்கிறது. தெளிவாகக் கூடினால் அளவில் தப்பு. அளவுக்கருவி இல்லையென்றால் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை (சிக்ரி) அணுகலாம், உங்களுக்கு இரண்டு, மூன்று மணி நேரப் பயணம்தான். வழிகாட்டும் பேராசிரியர் மூலம் கடிதம் எழுதிவிட்டுப் போங்கள்.

கடைசியாக அந்தப் பக்கெட். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் உண்டு. நேர்மின்முனையாகக் கரையும்போது அதில் ஒரு பங்கு ஆறிணைதிறன் குரோமியமாக, அதாவது புற்றுநோய் வரவழைக்கும் வடிவத்தில், தண்ணீரில் இருக்கக்கூடும். அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கடலிலோ ஊருணிக் கரையிலோ கொட்டாதீர்கள். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்து, அன்னபேதியை ஒரு கைப்பிடிக்குக் குறையாமல் கரைத்து ஊற்றிக் கலக்கி ஒரு நாள் விடுங்கள். குரோமியம் ஆபத்துக் குறைந்த வடிவத்துக்கு மாறும். கொஞ்சம் காரம் சேர்த்தால் சேறாக அடியில் இறங்கும். மேல் தண்ணீர், சேறு இரண்டையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதிக் கல்லூரி ஆய்வகத்தில் ஒப்படையுங்கள்.